எதிர்வீட்டுக்கு மும்பை வழியாக

ஜூலை 8, செவ்வாய்

போன் பறிமுதல். ஒரு வாரத்துக்கு. அதனால்தான் இந்தப் பேப்பரும் பேனாவும்.

குற்றம் பெரிசில்லை. எங்கள் தெருவில் மூணு வைஃபைகளின் பெயரை மாற்றினேன். டியூஷன் சார் வீட்டு வைஃபைக்கு ‘பாஸ்வேர்டு டீச்சர் வீட்டில் கேட்கவும்’. டீச்சர் வீட்டுக்கு ‘பாஸ்வேர்டு தையல் கடையில் கேட்கவும்’. தையல் கடைக்கு ‘பாஸ்வேர்டு டியூஷன் சாரிடம் கேட்கவும்’. தையல் கடைக்கு ஊரிலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் கொட்டும் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு மூணு இடமும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றாராம்.

“நெட்வொர்க்ல இதுக்குப் பேரு லூப்பும்மா” என்றேன்.

“லூப்பு இல்லடி, கொழுப்பு” என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள் அம்மா.

அம்மா பெயர் பவளக்கொடி. கூடலூரில் ‘பவளம் பிராட்பேண்ட்’ அவளுடையது. மாடியில் வீடு, கீழே ஆபீஸ். ஆபீசில் உட்கார்ந்தபடியே வாடிக்கையாளர் வீட்டுப் பெட்டியை எல்லாம் மாற்றலாம். அங்கே என்னைத் தனியாக உட்கார வைத்தது யார் தப்பு? அதை யாரும் கேட்கமாட்டேன் என்கிறார்கள்.

நான் தமயந்தி. பிளஸ் ஒன். மே பதினெட்டாம் தேதி பதினாறு முடிந்தது. பரிசாகப் பல்லுக்குக் கம்பி. வாயிலும் ஒயர், வீட்டிலும் ஒயர்.

ஜூலை 9, புதன்

மழைக்கு லீவு. பக்கத்து வீட்டு நஃபீசா என் வகுப்புதான். அவள் வீட்டுக் குக்கர் விசில் எங்கள் வீட்டில் கேட்கும். போன் இல்லாததால் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து அவள் கம்ப்யூட்டருக்கு ஒரு கேலிப்படம் அனுப்பினேன். போய்ச் சேரத் திணறியது. ஜன்னல் வழியாகக் கத்திக் கேட்டேன்.

“வந்துச்சாடீ?”

“இன்னும் பாதிதான்டீ வந்திருக்கு. உன் மூக்கு வரைக்கும் தெரியுது!”

பக்கத்து வீட்டுக்குப் போக எதற்கு இவ்வளவு நேரம்? நெட்டில் அனுப்புகிற ஒரு பேக்கெட் எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று காட்டும் கட்டளை ஒன்று இருக்கிறது. ஷிஹாப் அண்ணன் சொல்லிக்கொடுத்தது. அவர்தான் அம்மாவின் டெக்னீஷியன், கம்பம் ஏறுவதிலிருந்து கம்ப்யூட்டர் வரை எல்லாம் அவர். தட்டிப் பார்த்தேன். என் மூக்கு போன பாதை: கூடலூர், ஊட்டி, கோயம்புத்தூர், சென்னை, மும்பை, கொச்சி, கோழிக்கோடு, கூடலூர்.

ஒரு சுவரைத் தாண்ட மும்பை!

“அவங்க வீட்டுல லோகா நெட். நம்மகிட்ட பவளம். ரெண்டுக்கும் ஒட்டு கிடையாது. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒருத்தன் மும்பையிலதான் இருக்கான். அவன்கிட்ட போய்த்தான் கை மாறணும்” என்றார் ஷிஹாப் அண்ணன்.

“ரெண்டு ஆபீசும் எதிரெதிராத்தானே இருக்கு? ஒரு ஒயர் இழுத்தா முடிஞ்சுதே?”

“அதுக்குப் பேரு பியரிங். அதைப் பத்தி அக்காகிட்டப் பேசிடாதே. எனக்கு வேலை வேணும்.”

லோகா நெட் எங்கள் ஆபீசுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஓனர் பெயர் லோகநாதன். என் பெயருக்கு முன்னால் நிற்கிற ‘லோ.’ அவர்தான். எனக்கு ஏழு வயதாகும் வரை ஒரே கம்பெனி, ஒரே வீடு. அப்புறம் இரண்டும் இரண்டாகிவிட்டன. ஞாயிறு மத்தியானம் எனக்கு அப்பா, மற்ற நேரமெல்லாம் அம்மா. நல்ல ஏற்பாடு. அவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை, வாட்ஸப்பில் ‘நீலகிரி ஆபரேட்டர்கள்’ குரூப்பைத் தவிர. அதுவும் இந்த லட்சணத்தில்:

அப்பா: “பவளம் நிறுவனத்தாரின் கேபிள் எங்கள் கம்பத்தில் தொங்குவது மரியாதையுடன் சுட்டிக்காட்டப்படுகிறது.”

அம்மா: “லோகா நிறுவனத்தாரின் கம்பம் எங்கள் கேபிளுக்கு அடியில் நடப்பட்டிருப்பது அதே மரியாதையுடன் தெரிவிக்கப்படுகிறது.”

குரூப் அட்மின் கோத்தகிரி போஜன் அண்ணன். இந்த மாதிரி வரும்போதெல்லாம் அவர் ஒரு கும்பிடு மட்டும் போடுவார்.

ஜூலை 10, வியாழன்

கோயம்புத்தூரிலிருந்து பெரிய மாமா போன் பண்ணினார். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்தாள். அங்கே ஒரு பெரிய கம்பெனி பவளத்தை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயாராம். அம்மாவுக்கு அங்கேயே வேலை, எனக்கு அங்கேயே ஸ்கூல். அடுத்த வெள்ளிக்கிழமை பேப்பரோடு வருவார்களாம்.

“வருஷா வருஷம் மழையோட மல்லுக்கு நிக்கிறியே, போதாதா பவளம்?” என்றார் மாமா.

அம்மா ஒரு துப்பட்டாவை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி நாலாக மடித்தாள். “வரச் சொல்லுண்ணா. இந்த மழையில லைன் அறுந்து வெள்ளிக்கிழமை வரைக்கும் வரலைன்னா கையெழுத்துப் போட்டுடறேன். அறுந்தாலும் வந்துட்டா, இன்னொரு வருஷம் பார்க்கறேன்.”

எனக்கென்ன? கோயம்புத்தூரில் மால் இருக்கிறது, எஸ்கலேட்டர் இருக்கிறது, பிரியாணியில் நாற்பது வகை இருக்கிறது. இங்கே இருப்பதெல்லாம் அட்டைப்பூச்சி. ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

அம்மா எனக்குக் கொடுத்த தண்டனையின் இரண்டாம் பாகம்: சர்வர் ரூமில் தூசு தட்டுதல்.

அம்மாவுக்கு லேபிள் பைத்தியம். சர்வர் ரூம் ஒயர் ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ‘ஊட்டி லைன்’, ‘மார்க்கெட்’, ‘தேவாலா ரோடு’. மிளகாய்த்தூள் டப்பாவில் ‘மிளகாய்த்தூள்’ என்று எழுதி ஒட்டுகிற ஆள். என் நெற்றியில் ஒட்டாததுதான் பாக்கி.

ஆனால் ஒரு மஞ்சள் ஒயருக்கு மட்டும் லேபிள் இல்லை. ஃபைபர். எதிலும் சொருகாமல் சுருட்டி, முனையில் தூசு படாமல் மூடி போட்டு, ஒரு ஆணியில் மாட்டியிருந்தது.

அம்மாவிடம் கேட்டேன். “பழசு.”

“பழசுன்னா வெட்டிப் போட வேண்டியதுதானே?”

“எல்லாத்தையும் வெட்டிப் போட்டுட்டா அவசரத்துக்கு என்ன பண்றது? தூசு தட்டுடி.”

ஃபைபருக்குள் வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க ஒரு மீட்டர் உண்டு. கண்ணை வைத்துப் பார்க்கக்கூடாது, கண் போய்விடும். அம்மா மேலே போனதும் மூடியைக் கழற்றி மீட்டரில் சொருகினேன். வெளிச்சம் இருக்கிறது! நல்ல, சுத்தமான, முழு வெளிச்சம். அப்படியென்றால் மறுமுனையில் ஏதோ ஒரு பெட்டி கரண்டோடு உயிரோடு இருக்கிறது. யாருமே பார்க்காத இந்த முனைக்கு யார் விளக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

ஒயரைப் பின்தொடர்ந்தேன். ஜன்னல் ஓட்டை, வெளிச்சுவர், கம்பம். அங்கிருந்து சாலையைக் கடந்து போகிறது.

எதிரே போகிறது.

ஜூலை 12, சனி

நடுவட்டத்துக்குக் கீழே மண் சரிந்தது. ரோட்டோடு சேர்ந்து எங்கள் ஊட்டி லைனும் போய்விட்டது. நாலு இடத்தில் அறுந்திருக்கிறதாம். மண் இன்னும் இறங்கிக்கொண்டே இருப்பதால் ஆளை விடமாட்டார்கள். மண்சரிவு என்று பெயர்தான், அதில் எதுவும் சரி இல்லை.

பவளம் மொத்தமும் இருட்டு. லோகா நெட்டின் லைன் கேரளா பக்கம், கோழிக்கோட்டுக்கு இறங்குகிறது, அதனால் அவர்களுக்கு ஜம்மென்று ஓடுகிறது. ஆபீஸ் போன் விடாமல் அடிக்கிறது. அம்மா ஒவ்வொருவரிடமும் பொறுமையாக, “ஆமாங்க, தெரியுதுங்க, பார்த்துட்டிருக்கோங்க” என்கிறாள். அந்த மூணு வாக்கியத்தை நானே சொல்லிவிடுவேன் போல. மிமிக்ரி பண்ணிக் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

அப்பா ஆபீஸ். பரோட்டா, சால்னா. என் தட்டில் இரண்டாவது முட்டை.

“பல்லுல கம்பியோட பரோட்டாவா? உங்கம்மா பார்த்தா என்னைக் கம்பத்துல கட்டி வெச்சுடுவா.”

“உங்க கம்பத்துலயா, அவங்க கம்பத்துலயா? முதல்ல அது யார் கம்பம்னு முடிவாகட்டும்.”

அப்பா சிரித்தார். அவர் சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. மியூட் போட்ட வீடியோ.

அந்த நேரத்தில் கேட்டுவிட்டேன். “அப்பா, சாலையைத் தாண்டி ஒரு மஞ்சள் ஒயர் வருதே, அது எங்க போகுது?”

“அதுவா? அது எங்கயும் போகாது குட்டி.” கையில் பாதிப் பரோட்டா இருக்கும்போதே கை கழுவ எழுந்து போய்விட்டார்.

திரும்பி வந்ததும் கோயம்புத்தூர் விஷயத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கையெழுத்து, லைன் வராவிட்டால். அப்பா மேஜையில் இருந்த கிளிப்பை எடுத்துத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“கோயம்புத்தூர்ல நெட்டு நல்லா இருக்கும். எல்லாத்துக்கும் பக்கம்.”

“எல்லாத்துக்குமா?”

“சாப்பிடு. ஆறுது.”

ஜூலை 14, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். போலீஸ் கேட்டாலும் இதையே காட்டலாம்.

காலை. மழை. பள்ளி லீவு. அம்மாவும் ஷிஹாப் அண்ணனும் மண் விழுந்த இடத்தைப் பார்க்கப் போயிருந்தார்கள். சர்வர் ரூமில் நான், ஆணியில் மஞ்சள் ஒயர். எங்களிடம் நெட் இல்லை. எதிரே இருக்கிறது. நடுவில் வெளிச்சத்தோடு ஒரு ஒயர். யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்?

எல்லா வீட்டு ஒயரும் வந்து சேரும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். எங்கள் பெரிய ஸ்விட்சில் ஒரு ஓட்டை காலியாக இருந்தது. சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு நிமிஷத்தில் தையல் கடை அக்கா போன் பண்ணி, “நெட்டு வந்துருச்சும்மா, நல்லா இருப்பீங்க!” என்றார். மூணாவது ஆசீர்வாதம் வரைக்கும் எண்ணினேன். பவளத்தில் பாதி வீடுகள் உயிர்பெற்றுவிட்டன. இவ்வளவுதானா பியரிங்? இதற்கா பெரியவர்கள் ஒன்பது வருஷம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்?

நாலாவது போன் நகைக்கடைக்காரர். வீட்டில் உட்கார்ந்து மொபைலில் கடையின் கேமராவைப் பார்ப்பது அவர் வழக்கம்.

“ஏம்மா, என் கடைக்குள்ள கோழி நிக்குது!”

“எத்தனை கோழிங்க?”

“விளையாடறியா? கடை பூரா கோழி! நகையைக் காணோம்! நான் ஸ்டேஷனுக்குப் போறேன்.”

நகை எங்கும் போகவில்லை. நகைக்கடை பவளம், மார்க்கெட் கோழிக்கடை லோகா. நகைக்கடைக்காரருக்குக் கோழிக்கடை கேமரா தெரிந்திருக்கிறது. கோழிக்கடைக்காரருக்கு நகைக்கடை. ஆனால் அவர் யாரிடமும் புகார் சொல்லவில்லை. நிம்மதியாக உட்கார்ந்து நெக்லஸ் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அதற்குள் லோகா பக்கம் பாதி வீடுகள் செத்துவிட்டன. எதிர் ஆபீசிலிருந்து அப்பா குடைகூட இல்லாமல் சாலைக்கு ஓடிவந்தார். அதே நேரத்தில் அம்மாவின் ஸ்கூட்டி திரும்பியது, பின்னால் ஷிஹாப் அண்ணன். இரண்டு பேரும் நடுரோட்டில் நேருக்கு நேர். நான் ஜன்னலில். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு என்ன வசனம் வரப்போகிறதோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“உள்நம்பர் இன்னும் அதே பத்து, பதினெட்டு, அஞ்சா வெச்சிருக்கீங்க?” என்றாள் அம்மா. “மாத்தவே இல்லையா?”

“நீ மாத்திட்டியா?” என்றார் அப்பா.

ஒரு ஜீப் ஹாரன் அடித்தது. ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம் ஒதுங்கினார்கள். அம்மா உள்ளே வந்து என்னைத் தாண்டிப் போய் மஞ்சள் ஒயரை உருவினாள். மூடியைத் தேடிப் போட்டு, சுருட்டி, பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

போன் பறிமுதல் மறு அறிவிப்பு வரும்வரை.

ஜூலை 15, செவ்வாய்

நஃபீசா ஜன்னலில் நின்று கொக்கொக்கோ என்று கத்துகிறாள். தெருவில் என் பெயர் இனி கோழிதான். நான் வைத்த வைஃபை பெயர்களை விட இது வேகமாகப் பரவிவிட்டது.

ஷிஹாப் அண்ணனிடம் கேட்டேன், ஏன் கோழி வந்தது என்று.

“நெட்டுல ரெண்டு நம்பர் உண்டு. வெளிநம்பர் ஸ்கூல் ரிஜிஸ்டர்ல இருக்கற முழுப்பேரு மாதிரி. உலகத்துல அது ஒரே ஆளுக்குத்தான். உள்நம்பர் வீட்டுல கூப்பிடற செல்லப்பேரு. உன்னை உங்கப்பா எப்படிக் கூப்பிடுவாரு?”

“குட்டி.”

“அடுத்த வீட்டுலயும் ஒரு குட்டி இருக்கலாம். சுவர் இருக்கற வரைக்கும் பிரச்சினை இல்லை. சுவரை இடிச்சுட்டு ‘குட்டி, இங்க வா’ன்னு கூப்பிட்டா ரெண்டும் ஓடி வரும். நீ நேத்து இடிச்சது சுவரை. நகைக்கடைக்கு உள்நம்பர் என்னவோ, கோழிக்கடைக்கும் அதே.”

“எப்படி அப்படியே ஒத்துப்போச்சு?”

“ஒரே கம்பெனியா இருந்தப்போ அக்காவும் சாரும் உட்கார்ந்து போட்ட பிளான். பத்து, பதினெட்டு, அஞ்சுன்னு ஆரம்பிக்கும். பிரிஞ்சப்போ ரெண்டு பேரும் ஆளுக்கொரு காப்பி எடுத்துக்கிட்டாங்க. யாராவது ஒருத்தர் மாத்தியிருக்கணும். வேலை ஜாஸ்தின்னு அக்கா சொல்லும். அங்கயும் அதையேதான் சொல்வாங்க போல.”

அம்மாவிடம் போய், “அதென்ன பதினெட்டு, அஞ்சு?” என்று கேட்டேன்.

“சும்மா ஒரு நம்பர்.”

எனக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது. என் ஆதார் கார்டில், பேருக்குக் கீழே இருக்கும் தேதியாக இருக்கலாம். போகட்டும்.

குரூப்பில் இன்று ஒரே ரகளை. அம்மாவின் போனைத் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தேன்.

அப்பா: “இரு நிறுவனங்களில் ஒன்று உள்நம்பரை மாற்றிக்கொண்டால் நேற்றைய சம்பவம் மீண்டும் நிகழாது.”

அம்மா: “மாற்ற வேண்டிய நிறுவனம் எது என்பதை உறுப்பினர்களின் மனசாட்சிக்கு விடுகிறோம்.”

யாரோ ஒருவர் கோழிப்படம் போட்டிருந்தார்.

கடைசியில் போஜன் அண்ணன் ஒன்பது வருஷத்தில் முதல் முறையாகக் கும்பிடுக்குப் பதில் வாக்கியம் எழுதினார்: “யாரும் எதையும் மாத்த வேண்டாம்பா. ஸ்விட்சுல சொருகாம ரௌட்டர்ல சொருகுங்க. உள்நம்பர் உள்ளயே இருக்கட்டும். வெளிநம்பரை மட்டும் பரிமாறிக்கோங்க. நாங்கெல்லாம் அப்படித்தானே பண்றோம்? ஒரே தெருவுல இருந்துக்கிட்டு மும்பை போய்ட்டு வர்றீங்க. மும்பைக்காரன் சிரிக்கிறான்.”

அம்மா படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். எதிர் ஜன்னலில் அப்பாவும் தன் போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஜூலை 16, புதன்

போன் இல்லை, நெட் இல்லை, வெயில் இல்லை, அம்மா பேச்சு இல்லை. பெரிய மாமா மட்டும் போனில் இருக்கிறார், மணிக்கொரு தடவை.

ஜூலை 17, வியாழன்

நடுவட்டத்தில் வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. நாளைக்குப் பேப்பரோடு ஆட்கள் வருகிறார்கள். அம்மா காலையிலேயே அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து வைத்தாள். அதில் எதையும் வைக்கவில்லை. சும்மா திறந்து கிடந்தது.

நான் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

“எழுந்திருடி.”

“என்னையும் பேக் பண்ணிடு. மேல லேபிள் ஒட்ட மறந்துடாதே. ‘உடையக்கூடியது’.”

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கேட்டாள், “உனக்குப் போகணுமா, வேணாமா? ஒரு தடவையாவது ஒழுங்காச் சொல்லு.”

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பெட்டிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, “ஞாயித்துக்கிழமை?” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அம்மா சர்வர் ரூமுக்குப் போனாள். நான் பெட்டியோடு சேர்ந்து எழுந்து, பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

ஆணியிலிருந்து மஞ்சள் ஒயரை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். ஸ்விட்சில் இல்லை, ரௌட்டரில் சொருகினாள். நாற்காலியை இழுத்துப் போட்டுத் தட்டத் தொடங்கினாள். ஷிஹாப் அண்ணன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார். குடிக்கவில்லை.

“இது ஒரு பக்கம் மட்டும் பண்ணா வராது” என்று அம்மா எனக்குச் சொன்னாள். திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னாள், ஆனால் எனக்குத்தான். “நான் அவங்க நம்பரை இங்க எழுதணும். அவங்க என் நம்பரை அங்க எழுதணும். ரெண்டும் இருந்தாத்தான் ஒட்டும். நான் எழுதி வெச்சுட்டு, அப்புறம் குரூப்ல சொல்றேன். அவங்க நேரம் கிடைக்கறப்போ எழுதட்டும்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் இந்த இடத்துல ‘ஆக்டிவ்’னு காட்டும்.”

“ஆக்டிவ்னா வேலை செய்யுதுன்னுதானே?”

“எல்லாரும் அப்படித்தான் ஏமாறுவாங்க. ஆக்டிவ்னா கூப்பிட்டுக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். அந்தப் பக்கம் யாரும் எடுக்கலைன்னு அர்த்தம். ஒட்டிக்கிச்சுன்னா ‘எஸ்டாப்ளிஷ்டு’ன்னு வரும்.”

அப்பா கம்பெனியின் நம்பரை அம்மா எதையும் பார்க்காமல் மனசிலிருந்து தட்டினாள். கடைசி எழுத்தை அடித்துவிட்டு, குரூப்பில் எழுதுவதற்காகப் போனைத் தேடினாள். போன் என் பக்கம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ‘மதிப்பிற்குரிய லோகா நிறுவனத்தாருக்கு’ வரை அடித்திருப்பாள்.

“அக்கா” என்றார் ஷிஹாப் அண்ணன். “திரையைப் பாருங்க.”

எஸ்டாப்ளிஷ்டு.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதேதான்.

“நான் இன்னும் சொல்லவே இல்லையே” என்றாள்.

நான் எதிர் ஜன்னலைப் பார்த்தேன். அப்பா ஆபீசில் யாரோடோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. இங்கே நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் இப்போது எதையும் எழுதவில்லை. ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார். அவர் பக்கம் இருக்கும் ரௌட்டர் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, ஆணியில் தொங்கிய ஒயரை.

“எப்பத்துல இருந்து?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“வேலையைப் பாரு” என்றாள் அம்மா. அடித்து வைத்திருந்ததை எல்லாம் அழித்துவிட்டு குரூப்பில் வேறு எழுதினாள். “கோழிக்கோட்டுக்கு எங்க நம்பரையும் சேர்த்து அனுப்ப முடியுமா? அவங்களுக்கு மெயில் இப்பவே போடறேன். – பவளம்.”

‘நிறுவனத்தார்’ இல்லை. ‘மரியாதையுடன்’ இல்லை. வெறும் பவளம்.

எதிர் ஜன்னலில் அப்பா போனைப் பார்ப்பது தெரிந்தது. தன் கம்ப்யூட்டர் பக்கம் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. அப்புறம் பதில் வந்தது: “சரி.”

போஜன் அண்ணன் ஒரு கும்பிடு போட்டார். இந்தத் தடவை அதைப் பார்த்தால் வேறு மாதிரி இருந்தது.

உடனே எல்லாம் வந்துவிடவில்லை. முதலில் எங்கள் ஊருக்குள் மட்டும். பவளம் வீட்டிலிருந்து லோகா வீட்டுக்குப் போகலாம், உலகத்துக்குப் போக முடியாது. லோகாவுக்கு நெட் கொடுக்கும் கோழிக்கோட்டுக்காரர்கள் அம்மாவின் மெயிலைப் பார்த்து வழி திறக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை தையல் கடை அக்காவுக்கு நானே போனில், “ஆமாங்க, தெரியுதுங்க, பார்த்துட்டிருக்கோங்க” சொன்னேன். நன்றாகவே வருகிறது எனக்கு.

திறந்ததும் முதல் வேலையாக அந்தப் பழைய கட்டளையைத் தட்டி நஃபீசா வீட்டுக்கு வழி பார்த்தேன். கூடலூர், கூடலூர். முடிந்தது. அந்தப் பழைய கேலிப்படத்தையே அனுப்பினேன்.

“மூக்கு வந்துருச்சாடீ?”

“மூக்கு, கம்பி, எல்லாம் வந்துருச்சு கோழி!”

ஜூலை 18, வெள்ளி

பெரிய மாமா ஒன்பது மணிக்கே போன் பண்ணினார், ஆட்கள் கிளம்பலாமா என்று.

“லைன் வந்துருச்சுண்ணா” என்றாள் அம்மா.

“ரோடே இன்னும் திறக்கலையே, எப்படி வந்துச்சு?”

“எதிர்ல இருந்து.”

மாமா, “எதிர்லயா?” என்று மூணு தடவை கேட்டார். லூப்பில் மாட்டிக்கொண்டாரோ என்று நினைத்தேன்.

நகைக்கடைக்காரர் நேரில் வந்தார். கேமராவில் கோழி இல்லை, நகை இருக்கிறது, சந்தோஷம் என்றார். கிளம்பும்போது தலையைச் சொறிந்துகொண்டு, கோழிக்கடைக்காரர் ஒரு நெக்லஸ் வாங்கிப் போனதாகவும், அதற்காக விளம்பரக் காசு என்று தன்னிடம் எதுவும் கேட்கக்கூடாது என்றும் என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அட்டைப்பெட்டியில் இப்போது பழைய மோடம்கள்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று ராணுவம் மாதிரி ஒரு கூட்டம் போய் ஊட்டி லைனை ஒட்டி முடித்துவிட்டது. ஷிஹாப் அண்ணன் சர்வர் ரூமிலிருந்து குரல் கொடுத்தார். “அக்கா, ஊட்டி வந்துருச்சு. இந்த மஞ்சளைக் கழட்டிடவா?”

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். “அது பாட்டுக்கு இருக்கட்டும்.” கையைத் துடைத்துக்கொண்டு கீழே போனாள். நான் தூசு தட்டும் சாக்கில் பின்னாலேயே போனேன். லேபிள் சீட்டை எடுத்து, பேனாவைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். மிளகாய்த்தூளுக்கு இவ்வளவு யோசித்ததில்லை. கடைசியில் எழுதி ஒட்டினாள்: ‘எதிர்வீடு’.

போனும் திரும்பக் கிடைத்தது.

மத்தியானம் அப்பா ஆபீஸ். பரோட்டா வரும்வரைக்கும் அவர் சர்வர் ரூமுக்குள் எட்டிப் பார்த்தேன். அப்பாவுக்கு லேபிள் பழக்கம் கிடையாது. எல்லா ஒயரும் நூடுல்ஸ் மாதிரி பின்னிக் கிடக்கும், எது எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது. மஞ்சளை மட்டும் தேடிப் பிடித்தேன். அது மட்டும் தனியாக, நேராக வந்து சொருகியிருந்தது. அதற்கு மட்டும் ஒரு சீட்டு. மை மங்கி, ஓரம் பழுப்பேறி, டேப்புக்கு மேல் டேப் போட்டு ஒட்டியிருந்தது. அப்பாவின் கோணல் கையெழுத்தில் ஒரே வார்த்தை.

‘வீடு’.

“குட்டி, ஆறுது!” என்றார் அப்பா வெளியிலிருந்து.

போய்ச் சாப்பிட்டேன். அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு அனுப்பினால் சாலையைத் தாண்டி நொடியில் போய்விடும், மும்பை வேண்டாம். அனுப்பும் பொத்தானில் விரலை வைத்து எடுத்து, வைத்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.